நள்ளிரவு முதல் ஆறு மணி வரை: விமானிகளின் பணிநேர விதிக்கு ஓர் உரை

ஒரு விமானி ஒரு நாளில் எவ்வளவு நேரம் பறக்கலாம், எப்போது கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லும் அரசு ஆவணம் ஒன்று இந்தியாவில் உண்டு. வெளியிட்டது டிஜிசிஏ என்று எல்லோரும் சொல்லும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். விமானிகள் வட்டாரத்தில் அதற்கு எஃப்டிடிஎல், அதாவது பறப்புப் பணிநேர வரம்புகள், என்று பெயர். 2011இல் ஒரு வடிவம் வந்தது, 2019இல் இன்னொன்று. 2024 ஜனவரி 8 அன்று வந்த திருத்தத்தைப் பற்றித்தான் இந்த உரை.

அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வரவே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. 2024 ஜூன் 1 முதல் என்றார்கள். விமான நிறுவனங்கள் ஆள் போதாது என்று முறையிட்டதும் தள்ளிவைத்தார்கள். விமானிகள் சங்கங்களின் வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது. கடைசியில் 22 பிரிவுகளில் 15 மட்டும் 2025 ஜூலை 1 முதல், மிச்சம் நவம்பர் 1 முதல் என்று முடிவாயிற்று. நவம்பர் ஓடி டிசம்பர் பிறந்ததும் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவின் விமானங்கள் கொத்துக்கொத்தாக ரத்தாகின. டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் 2,507 விமானங்கள். மாட்டிக்கொண்ட பயணிகள் 3 லட்சத்துக்கும் மேல். பைலட்டுகளுக்கு ஓய்வு கொடுக்கப் போய் நம்மைத் தரையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று விமான நிலையங்களில் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சு எவ்வளவு சரி என்று தெரிய விதியைப் பிரித்துப் படிக்க வேண்டும். மூலம் ஆங்கிலச் சட்ட நடையில் இருக்கிறது. முக்கியமான இடங்களின் கருத்தை என் சொற்களில் சுருக்கி முதலில் தருகிறேன். உரை அதன் கீழே.

பறக்கும் நேரம்: புறப்படுவதற்காக விமானம் முதன்முதலாக நகர்ந்ததிலிருந்து, பறப்பு முடிந்து கடைசியாக நிற்கும் வரை.

சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருக்கும் முட்டுக்கட்டையை எடுத்து, விமானம் பின்னோக்கித் தள்ளப்படும்போது இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி முட்டுக்கட்டை போட்டதும் நின்றுவிடுகிறது. பிளாக் டைம் என்று விமானிகள் சொல்வது இதைத்தான். ஓடுபாதைக்கு முன் வரிசையில் நிற்கும் இருபது நிமிடமும் இதில் சேரும்; வாயில் கதவருகே பயணிகளுக்காகக் காத்திருக்கும் நாற்பது நிமிடம் சேராது.

சம்பளத்தைப் பற்றி இந்த விதி எதுவும் பேசுவதில்லை. ஆனால் விமானியின் வருமானத்தில் கணிசமான பகுதி இந்த வரையறையின் மேல்தான் நிற்கிறது. இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் சம்பளத்தை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒன்று, மாதாமாதம் வரும் நிலையான தொகை. மற்றது பறக்கும் படி, அதாவது பிளாக் மணி ஒன்றுக்கு இவ்வளவு என்று. மாதத்தில் இத்தனை மணிக்கான படி உறுதி, பறந்தாலும் பறக்காவிட்டாலும் தருவோம் என்று ஓர் உத்தரவாதமும் உண்டு. அந்த எண்ணிக்கையைத் தாண்டிப் பறந்தால் தாண்டிய மணிகளுக்குக் கூடுதல் பணம்.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே முறைதான். இப்படிப் பல இடங்களில் விமானியின் பணப்பை பிளாக் மணியில் ஓடுகிறது. அவர் உடம்பு ஓடும் கணக்கு அடுத்த வரையறையில் இருக்கிறது.

பறப்புப் பணிநேரம்: பறப்புக்காகப் பணிக்கு வந்து சேர வேண்டிய நேரத்திலிருந்து, அன்றைய கடைசி விமானம் நின்று இன்ஜின் அணைக்கப்படும் வரை.

முதல் கடிகாரத்தைவிட இது நீளமானது. ஒரு கணக்குக்கு, சென்னையிலிருந்து பெங்களூரு போய்த் திரும்பி, பிறகு மதுரை போய்த் திரும்பும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். நான்கு பறப்பு, நான்கு இறக்கம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும் என்றால் பிளாக் நேரம் நான்கு நான்கரை மணி. முதல் பறப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து வானிலை, எரிபொருள், விமானத்தின் பழுதுப் பதிவேடு எல்லாம் பார்க்க வேண்டும். நடுவில் மூன்று முறை பயணிகள் இறங்கி, பெட்டிகள் மாறி, புதியவர்கள் ஏற வேண்டும். எந்தத் தாமதமும் இல்லாத நல்ல நாளிலேயே பணிநேரம் ஏழரை மணி ஆகிவிடும். மழை பெய்து வானில் வட்டமிட வைத்தால் அந்த வட்டத்துக்காவது படி உண்டு. தரையில் கதவு மூடாமல் நிறுத்தி வைத்தால் அதுவும் இல்லை. ஆட்டோ மீட்டராவது காத்திருப்புக்குக் கட்டணம் போடும்.

இதையே டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பதினாறு மணி நேரம் ஒரே மூச்சில் போகும் விமானத்தோடு வைத்துப் பாருங்கள். அதில் பணிநேரத்தின் மிகப் பெரும்பகுதி பிளாக் நேரமாகவே இருக்கும். கூடுதல் விமானிகள் இருப்பார்கள், முறை வைத்துப் படுக்கப் படுக்கையும் இருக்கும். அந்த வேலைக்கு வேறு வகைத் துன்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விமானியை அதிகம் கசக்குவது ஏற்றமும் இறக்கமும்தான்; பணம் சேர்வது நடுவானில் நேராகப் போகும்போது. குறுந்தூரம் ஓட்டுகிறவர் தனக்குப் பணம் தரும் ஒவ்வொரு மணிக்கும் அதிக உழைப்பைக் கொடுக்கிறார். இந்தியாவின் உள்நாட்டுச் சேவை முழுக்க இந்த வகைதான்.

365 நாளில் பறக்கும் நேரம் 1,000 மணியைத் தாண்டக்கூடாது.

வெளியில் இருக்கிறவர்கள் எரிச்சலோடு படிக்கும் வரி இது. ஆண்டுக்கு ஆயிரம் மணி என்றால் மாதத்துக்கு எண்பத்துச் சொச்சம். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உட்காருகிறவர் பத்து நாளில் முடித்துவிடுவாரே, இதற்கா லட்சக்கணக்கில் சம்பளம் என்ற கேள்வி வரும். மேலே சொன்ன இரண்டு கடிகாரங்கள் அதற்குப் பாதி விடை. வெளியூரில் ஹோட்டல் அறையில் கழியும் இரவுகளும், பயணி இருக்கையில் உட்கார்ந்து வேறு ஊருக்குப் போய் அங்கிருந்து விமானத்தை எடுக்கும் பயணங்களும், வீட்டில் போனைப் பார்த்தபடி கிடக்கும் ஸ்டாண்ட்பை நாட்களும் மீதி விடை. அந்தப் பயணி இருக்கைப் பயணத்தை டெட்ஹெட் என்கிறார்கள். அது பணிநேரத்தில் சேரும், பறக்கும் நேரத்தில் சேராது.

ஆனால் இந்த வரியில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஆயிரம் என்பது உச்சவரம்பு. இதற்கு மேல் ஆபத்து என்று எழுதப்பட்ட எண். போட்டி கடுமையான சந்தையில் விமானத்தையும் ஆளையும் சும்மா வைக்க எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. அதனால் அந்த எண் ரோஸ்டர் என்னும் பணி அட்டவணையைப் போடும் மென்பொருளுக்குள் போனதும் எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காக மாறிவிடுகிறது. டிசம்பர் குழப்பத்தை விசாரித்த பிறகு இயக்குநரகம் சொன்னதும் இதைத்தான். பணிநேரத்தை முழுக்கப் பிழிந்தெடுக்கும் விதத்தில் ரோஸ்டர் போட்டார்கள். டெட்ஹெட்டையும் நீட்டித்த பணிகளையும் நம்பினார்கள். ஏதாவது தவறினால் சமாளிக்க இடைவெளியே வைக்கவில்லை. மேலாண்மையிலும் மென்பொருளிலும் குறைகள் என்று கூடவே எழுதியிருந்தது. 2026 ஜனவரியில் இண்டிகோவுக்கு விதித்த அபராதம் 22.20 கோடி ரூபாய்.

குற்றம் எல்லாம் முதலாளி பக்கம் என்று முடித்துவிட முடியாது. உத்தரவாத மணி குறைவாக இருந்தால் விமானியே கூடுதல் மணிகளைத் தேடிப் போவார். ஏர் இந்தியாவில் 70 மணியாக இருந்த உத்தரவாதம் கொரோனா காலத்தில் 2020இல் 20 ஆகக் குறைந்தது. தனியார் கைக்குப் போன பிறகு, 2023 ஏப்ரலில் வந்த புதிய ஊதியத் திட்டத்தில் அது 40. சங்கங்கள் அதை ஏற்க மறுத்துக் கடுமையாக எதிர்த்தன. 70க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம் வெறும் பணம் சம்பந்தப்பட்டதாகத் தோன்றும். வீட்டுக் கடனும் விமானப் பயிற்சிக் கடனும் உள்ள ஒரு இளம் ஃபர்ஸ்ட் ஆஃபீசரின், அதாவது கோ-பைலட்டின், இடத்தில் இருந்து பாருங்கள். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்து, அதன்பின் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சிக்கும் பல லட்சம் செலவழித்து வந்தவர் அவர். 40 மணிக்கு மேல் வரும் ஒவ்வொரு மணியும் அவருக்குத் தவணைப் பணம். களைப்பாக இருக்கிறது, இன்று என்னால் முடியாது என்று சொல்லும்போது அவர் தன் சம்பளத்திலிருந்தே ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கிறார். எஃப்டிடிஎல்லில் இந்த இடத்துக்கு விதி இல்லை.

இரவு என்பது நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை. இந்த நேரத்தின் எந்தப் பகுதியைத் தொட்டாலும் அது இரவுப்பணி. அப்பணியில் பறக்கும் நேரம் 8 மணி, பணிநேரம் 10 மணி, இறக்கம் இரண்டு. இவற்றுக்கு மேல் கூடாது.

திருத்தத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முன்பு இரவு ஐந்து மணியோடு முடிந்தது. இப்போது ஒரு மணி நேரம் நீண்டிருக்கிறது. முன்பு இரவிலும் ஆறு இறக்கம் வரை இடமிருந்தது, இப்போது இரண்டு.

காரணத்தை முதலில் பார்ப்போம். மனித உடம்பின் வெப்பமும் விழிப்பும் இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணிக்குள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. பகலில் எவ்வளவு தூங்கியிருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. பகல் தூக்கம் நீளத்திலும் ஆழத்திலும் இரவுத் தூக்கத்துக்கு ஈடாவதில்லை என்பது இரவு ஷிஃப்ட் பார்த்த எவருக்கும் தெரியும். விமானத்துறை இந்த நான்கு மணி நேரத்துக்குத் தனிப் பெயரே வைத்து விதிகளில் எழுதியிருக்கிறது.

இந்தியாவுக்கு அதன் விலை தெரியும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணியைத் தாண்டியதும் மங்களூரு மேட்டுநில ஓடுபாதையில் இறங்கி, முனையைக் கடந்து பள்ளத்தாக்கில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள்; எட்டுப் பேர் பிழைத்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் இரண்டு மணி ஐந்து நிமிடம் பதிவாகியிருந்தது. அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டைச் சத்தம் பதிவில் கேட்டது. விமானம் இறங்க வேண்டிய உயரத்தைவிட மேலே இருந்தது. கோ-பைலட் மூன்று முறை, இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்றார். கேப்டன் கேட்கவில்லை. நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்தவரின் மந்தநிலையையும், உடம்பு அடிமட்டத்தில் இருக்கும் நேரத்தில் பறந்ததையும் விசாரணை அறிக்கை துணைக் காரணங்களில் வைத்தது.

பைலட் கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் அந்த விபத்தை அன்று பேசி முடித்தவர்கள் நிறையப் பேர். இறுதித் தவறு அவருடையதுதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த இருக்கையில் அவரை உட்கார வைத்த கால அட்டவணைக்கும் அதில் பங்கு இல்லையா? வளைகுடாவுக்குப் போய்வரும் விமானங்கள் ஏன் பெரும்பாலும் இரவில் பறக்கின்றன என்று யோசித்தால் விடை பிடிபடும். ஒரே விமானம் பகல் முழுக்க உள்நாட்டில் ஓடி, இரவில் வளைகுடாவுக்குப் போய், விடியலில் திரும்பி மறுபடி உள்நாட்டுக்குத் தயாராக வேண்டும். விமானத்துக்குத் தூக்கம் தேவையில்லை. அதன் வாடகை மாதக் கணக்கில் ஓடுகிறது.

புதிய வரி இந்த ஓட்டத்தில் எங்கே குறுக்கே நிற்கிறது என்று கணக்குப் போடலாம். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் போகவும் வரவும் சராசரியாக ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து எட்டு. அங்கே ஒரு மணி நேரம் நின்று, கிளம்புவதற்கு ஒரு மணி முன்பே பணிக்கு வந்தால் பணிநேரம் பத்து. இறக்கம் இரண்டு. மூன்று வரம்பையும் விளிம்பில் தொட்டு நிற்கிறது கணக்கு. எதிர்க்காற்று கொஞ்சம் கூடினாலோ, ஷார்ஜாவில் இடம் கிடைக்கத் தாமதமானாலோ மீறிவிடும். விமானத்தைப் பகலுக்கு மாற்றலாம். அல்லது விமானிகளை அங்கேயே இறக்கித் தூங்க வைத்து வேறு இருவரைக் கொண்டு திருப்பி அனுப்பலாம். இரண்டாவது வழிக்கு ஹோட்டல் செலவு, கூடுதல் ஆட்கள். நிறுவனங்கள் இத்தனை காலம் எதிர்த்ததன் அர்த்தம் இந்தச் செலவில் இருக்கிறது.

உள்நாட்டில் இன்னும் நுணுக்கமான சிக்கல். ஐந்து மணியை ஆறாக்கியது ஒரு மணி நேர மாற்றம்தானே என்று தோன்றும். இந்திய விமான நிலையங்களில் காலைக் கூட்டம் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் கிளம்பும் விமானங்களுக்கு வருகிறது. காலை மீட்டிங்குக்கு டெல்லி, மாலை வீடு என்ற பயணிகள் அதிகக் கட்டணம் தருகிறவர்கள். ஆறேகால் விமானத்துக்கு விமானி ஐந்தேகாலுக்கு வந்தாக வேண்டும்; அதற்கு மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். பழைய விதியில் அவர் பகல் விமானி. அன்று நான்கு, ஐந்து இறக்கம் கூடப் போடலாம். புதிய விதியில் அவர் இரவுப்பணிக்காரர். இரண்டு இறக்கத்தோடு அவரை இறக்கிவிட்டு வேறு ஜோடியை ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு 2,200 பறப்புகளை நடத்தும் நிறுவனத்தில் இது எத்தனை ஜோடி என்று யோசியுங்கள். டிசம்பர் குழப்பத்துக்கு எண்ணிக்கையில் விடை தேடுகிறவர்கள் இந்த ஐந்திலிருந்து ஆறு வரையான அறுபது நிமிடத்தில் தேடலாம். ஆனால் விதி வெளியானது 2024 ஜனவரியில். ஆள் எடுக்க, பயிற்சி கொடுக்க, அட்டவணையைத் தளர்த்த இருபத்திரண்டு மாதம் இருந்தது. குளிர்கால அட்டவணையில் பறப்புகளைக் கூட்டிக்கொண்டு போனவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை, மூன்று மணிக்கு எழுந்தவரிடம் கேட்பது அநியாயம்.

அடுத்த பணிக்கு முன் ஓய்வு: முந்தைய பணி எவ்வளவு நீண்டதோ அவ்வளவு, அல்லது 12 மணி நேரம், இரண்டில் எது அதிகமோ அது.

நல்ல வரி. பல நேர மண்டலங்களைக் கடந்து வந்தால் இந்த அளவு இன்னும் கூடும். ஆனால் 12 மணி ஓய்வைப் 12 மணித் தூக்கம் என்று படிக்கக்கூடாது. பணி முடிந்தபின் வண்டி வர வேண்டும், நகர நெரிசலில் ஹோட்டலுக்குப் போக வேண்டும், சாப்பிட வேண்டும். மறுநாள் இதே வரிசை தலைகீழாக. நடுவில் மிஞ்சுவது எட்டு மணி. அமெரிக்க விதியில் ஓய்வு 10 மணிதான், நம்முடையதைவிடக் குறைவு. ஆனால் அதற்குள் இடையூறில்லாத எட்டு மணி நேரத் தூக்க வாய்ப்பு இருக்க வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். அந்த நிபந்தனையை நாம் கடன் வாங்கலாம்.

வாராந்திர ஓய்வு: தொடர்ந்து 48 மணி நேரம், இரண்டு இரவுகள் உட்பட. ஒரு வார ஓய்வு முடிந்து அடுத்தது தொடங்க 168 மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது. இந்த ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக்கூடாது.

முன்பு 36 மணி நேரம். பன்னிரண்டு மணி கூட்டியது பெரிய விஷயமாகத் தெரியாது. இரண்டு இரவு என்பதில்தான் பலன். ஒரு இரவுத் தூக்கம் பழைய கடனைத் தீர்க்காது, இரண்டாவது இரவில்தான் உடம்பு நிமிரும்.

கடைசி வாக்கியம் விதிக்குப் பின் தனியாக வந்த அறிவுறுத்தல். டிசம்பர் சண்டையின் ஒரு பகுதி இதன்மேல் நடந்தது. விமானி ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்கிறார். நிறுவனம் கொடுக்கிறது. கொடுத்துவிட்டு, இந்த இரண்டு நாளும் 48 மணி ஆயிற்றே, உங்கள் வார ஓய்வு முடிந்தது என்று ரோஸ்டரில் எழுதிக்கொள்கிறது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டு, விடிய விடிய விழித்திருந்து வந்தவர், விதிப்படி ஓய்வெடுத்தவராகக் காக்பிட்டில் உட்காருகிறார். இதைத் தடுக்கத்தான் அந்த வாக்கியம். விடுப்பு விமானியின் சொந்த விஷயம், அதில் அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்க முடியாது. வார ஓய்வு பயணியின் பாதுகாப்புக்காக இருப்பது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் இழப்பு பயணிக்கும் சேர்த்துத்தான்.

2025 டிசம்பர் 5ஆம் தேதி, ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தான அன்று, இயக்குநரகம் இந்த வாக்கியத்தை உடனடியாகத் திரும்பப் பெற்றது. இண்டிகோவுக்கு இரவுப்பணிக் கட்டுப்பாடுகள் சிலவற்றிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கொடுத்தது. விமானிகள் சங்கங்கள் கொதித்தன. தயாராக இருந்த நிறுவனங்கள் விதியைக் கடைப்பிடிக்க வேண்டும், தயாராகாத நிறுவனத்துக்கு மட்டும் சலுகையா என்று கேட்டன. அரசின் இக்கட்டும் புரிகிறது. உள்நாட்டுப் பயணிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்கும் நிறுவனம் படுத்தால் நாடே நிற்கும். அந்த அளவுக்கு ஒரே நிறுவனம் வளர்ந்துவிட்டால் விதி எழுதுகிறவர் கை தாழ்ந்துதான் இருக்கும். விலக்குக் கடிதம் வந்த மறுநாளே விமானக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு போட்டது. 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று. பயணியின் பைக்கு ஒரு வரம்பு வந்த அதே வாரத்தில் விமானியின் களைப்புக்கான வரம்பு தளர்ந்தது.

ஸ்டாண்ட்பை: அழைத்தால் வரத் தயாராக இருக்கும் நேரம். இதற்கும் அளவு உண்டு.

சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். வீட்டில் ஸ்டாண்ட்பை, விமான நிலையத்தில் ஸ்டாண்ட்பை என்று இரண்டு. போன் வராவிட்டால் பறக்கும் மணி கணக்கில் ஏறாது. போன் எப்போது வரும் என்று தெரியாததால் தூக்கமும் இல்லை.

களைப்பாக இருக்கும் விமானி பணி செய்யக்கூடாது. நிறுவனம் களைப்பு அறிக்கைகளைப் பெற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

முதல் வாக்கியம் பொறுப்பை விமானியின் தோளில் வைக்கிறது. எந்த வரம்பையும் மீறாத ரோஸ்டரிலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இரவு முழுக்க விழித்திருந்தவர் தானே முன்வந்து சொல்ல வேண்டும். சொல்வாரா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி 2009 பிப்ரவரியில் கேட்கப்பட்டது. பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். கோ-பைலட் முந்தைய இரவு முழுக்க, நாட்டின் மறுகோடியில் உள்ள சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு பணித்தளமான நெவார்க்குக்கு வந்தவர். கேப்டன் விமானிகள் அறையில் இரவைக் கழித்தவர். சிறு நகரங்களுக்குப் பறக்கும் துணை நிறுவனங்கள் தந்த சம்பளம் அவ்வளவு குறைவு. பணித்தளத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுப்பது பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. விசாரணை மேடையில் சம்பளமும் தூக்கமும் அன்று ஒரே மூச்சில் பேசப்பட்டன. அதன் விளைவாக வந்த புதிய பணிநேர விதி 2014 ஜனவரி 4 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் நான் தகுதியாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு விமானியும் உறுதி சொல்ல வேண்டும் என்றது. சம்பளத்தை அது தொடவில்லை. சரக்கு விமான நிறுவனங்களுக்கு விலக்கும் கொடுத்தது. செலவு அதிகம் என்பது காரணம். விதி எழுதி முடித்து நடைமுறைக்குக் காத்திருந்த 2013 ஆகஸ்டில் அலபாமாவின் பர்மிங்காமில் விடியலுக்கு முன் ஒரு யுபிஎஸ் சரக்கு விமானம் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். விசாரணையில் களைப்பும் காரணங்களில் ஒன்றாக வந்தது.

இங்கே களைப்பு அறிக்கை கொடுத்தால் தண்டனை கூடாது என்பது கொள்கை. ஆனால் அறிக்கை கொடுத்தவருக்கு அடுத்த மாத ரோஸ்டர் எப்படி வரும் என்ற பயம் விமானிகளிடம் இருக்கிறது. வேலையை மாற்றிக்கொள்ளலாமே என்றால் அதுவும் எளிதல்ல. 2017இல் வந்த வேறொரு விதிப்படி கேப்டன் 12 மாதமும், கோ-பைலட் 6 மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 2023இல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 40க்கும் மேற்பட்ட விமானிகள் அந்தக் காலத்தை முடிக்காமல் போனபோது நிறுவனம் நீதிமன்றத்துக்கே போனது. வேறெந்தத் தொழிலில் ஒருவர் கிளம்ப ஓராண்டு காத்திருக்க வேண்டும்? பயிற்சிக்கு மாதக்கணக்கு ஆகும், பயணிகளைத் திடீரென்று கைவிட முடியாது என்ற நியாயம் இருக்கிறது. அதே பயிற்சிக் காலத்தை விதி மாறும்போது நிறுவனங்கள் ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் கூடவே கேட்டாக வேண்டும்.

மீறினால் என்ன ஆகும்? 2024 மார்ச்சில் ஏர் இந்தியாவுக்கு 80 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. போதிய வார ஓய்வு தராதது, மிக நீண்ட பறப்புகளுக்கு முன்னும் பின்னும் தர வேண்டிய ஓய்வைக் குறைத்தது, அறுபது வயதைத் தாண்டிய இருவரைச் சில பறப்புகளில் ஒன்றாக உட்கார வைத்தது என்று குற்றச்சாட்டுகள். ஒரு பெரிய விமான நிறுவனத்துக்கு 80 லட்சம் எவ்வளவு வலிக்கும் என்பதை வாசகரின் கணக்குக்கே விடுகிறேன்.

அடுத்த கட்டமாக, மணிக்கணக்கு வரம்புகளுக்குப் பதில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விமானிகளின் களைப்பைத் தரவுகளால் அளந்து தானே ரோஸ்டரை வகுத்துக்கொள்ளும் முறைக்குப் போகப்போவதாக இயக்குநரகம் திருத்தத்தோடு சேர்த்தே சொன்னது. அந்த முறை நேர்மையாக நடந்தால் இப்போதைய விதியைவிட அறிவார்ந்தது. ஒரு மணி நேரத்தை அங்கே இங்கே நகர்த்துவதற்கு வழக்குப் போட வேண்டியிருக்காது. ஆனால் தரவு நிறுவனத்தின் கையில், ரோஸ்டர் நிறுவனத்தின் கையில், பறக்கும் படியும் நிறுவனத்தின் கையில் இருக்கும். மூன்று மாத அறிக்கையில் எத்தனை பேர் களைப்பு என்று சொன்னார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அந்த மாதப் படி குறைந்தது என்ற இரண்டு எண்களையும் சேர்த்து எழுதச் சொல்லி, அதைப் பயணிகளும் படிக்கும்படி இயக்குநரகம் வெளியிடலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.